தம்பி மேல் போட்ட வழக்கு

கண்ணாடிக் கடை அக்காவுக்கு அந்த வட்டாரத்தில் எல்லோருமே தம்பி தங்கைகள்தான். அறுபது வயது ஆள்கூட கடை வாசலில் நின்று, "அக்கா, என் கண்ணாடி ரெடியா?" என்பார். அவளுக்கு நாற்பத்தொன்றுதான் ஆகியிருந்தது. ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "உங்களுக்கு நான் அக்காவா?" என்று கேட்டுப் பார்த்தாள். "பின்ன என்ன, தங்கச்சின்னு கூப்பிட்டா நீங்க திட்டுற திட்டுக்குப் பொருந்தாதே" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டாள்.

கடையின் முன்பக்கத்தில் முதலாளி ஃப்ரேம் விற்பார். பின்பக்கம், ஒரு கட்டிலைப் போட்டால் நிரம்பிப்போகும் அறையில், அக்கா லென்ஸ் தேய்ப்பாள். வட்டமாக வரும் லென்ஸைச் சுழலும் கல்லில் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓரத்தைச் சீவி, ஃப்ரேமின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மயிரிழை கூடினால் லென்ஸ் ஏறாது. மயிரிழை குறைந்தால் கழன்று விழும். பத்தொன்பது வருடமாக அந்த வேலை. முதலாளிக்கு அவள் மேல் மதிப்பு உண்டு, பயமும் உண்டு. பில் புத்தகத்தில் அவர் எழுத்து ஒன்று தப்பினாலும் பின்னறையிலிருந்து குரல் வரும்.

அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு, தம்பிக்கு நான்கு. அப்பா வெளியூர் வேலை என்று போவார், வருவார். ஒரு வருடம் போனவர் வரவில்லை. பிறகு வீட்டில் பெரிய ஆள் அவள்தான். தம்பிக்கு நகம் வெட்டிவிட்டாள், கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அப்பாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டாள். பிற்காலத்தில் அவளுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது உச்சுக் கொட்டினால், "இவன் ஒருத்தன வளர்த்ததே மூணு பிள்ளைக்குச் சமம்" என்பாள்.

அவள் புருஷன் டைல்ஸ் மேஸ்திரி. வாழ்நாளில் பாதியை முட்டி போட்டே கழித்த மனிதர். "பள்ளிக்கூடத்துல தினமும் வாத்தியார் முட்டி போடச் சொல்லுவாரு. அன்னைக்கே என் தொழில் முடிவாயிடுச்சு" என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவர் தளம் போட்டால் ஒரு மூலையில் உருட்டிவிட்ட கோலி எந்தப் பக்கமும் ஓடாது என்று பேர். மச்சினன் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தம்பி சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கியதும், தன் டைல்ஸ் பெட்டிகளை வேறு யார் வண்டியிலும் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டு போவார்கள். அக்கா பார்த்தால், "வேலைக்குப் போறீங்களா, சுற்றுலா போறீங்களா?" என்பாள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். அக்கா ஒரு வாத்தியாரின் லென்ஸைக் கல்லில் வைத்திருந்தாள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே கத்துகிறவர், அன்று பக்கத்தில் வந்து மெதுவாக நீட்டினார். அவள் கல்லை நிறுத்தி, ஈரக்கையோடு வாங்கினாள்.

"அக்கா," என்றான் தம்பி. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதியிருந்தது. மோதிய வேகம் அதிகமில்லை. ஆனால் பின்னால் நாற்பது பெட்டி டைல்ஸ். வண்டி நின்றது, பெட்டிகள் நிற்கவில்லை. முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தவை, மேஸ்திரியின் சீட்டை அப்படியே முன்னால் தள்ளி, அவருடைய வலது முட்டியை இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்து நசுக்கிவிட்டன. தம்பிக்கு நெற்றியில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரி. மூன்று ஆபரேஷன். கடைசியில் டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கால் இருக்கும். நடக்கலாம். ஆனா முட்டிய இறுக்கிக் கட்டிட்டோம். இனிமே மடங்காது."

மேஸ்திரி சிரித்தார். டாக்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க சார்," என்றார் மேஸ்திரி. "மடங்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேல."

அந்த நான்கு மாதமும் தம்பி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். உடம்பு துடைத்துவிட்டான், மலம் எடுத்தான், குழந்தையைத் தூக்குவதுபோல மாமாவைத் தூக்கி வெயிலில் உட்கார வைத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு. திருப்பினேன், சுவத்துல போயிட்டேன்." போலீஸிடமும் அதைத்தான் எழுதிக்கொடுத்தான். ஒவ்வொரு முறையும் அக்கா பக்கத்தில் நின்று காதில் வாங்கிக்கொண்டாள். போலீஸிடம் சொன்னபோது அது கறுப்பு நாய். நர்சிடம் சொன்னபோது பழுப்பு நாய். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது வாலில் வெள்ளைப் புள்ளியோடு வந்தது. மாமனுக்காக ராப்பகலாய் உழைக்கிறவனிடம் நாயின் நிறத்தைப் பற்றி விசாரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேஸ்திரியும் நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வழக்குப் போடச் சொன்னது பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிதான். அவள் கொடுத்த விலாசத்தைப் பிடித்து அக்கா ஒரு வக்கீலம்மாவிடம் போனாள். மாடிப்படியின் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசை கொள்ளாத காகிதம். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நல்லது. சரக்கோட போற ஆளுக்கும் சேர்த்து இருக்கு. ரொம்ப நல்லது. ஆனா ஒண்ணும்மா. கம்பெனி குடுக்கணும்னா, ஓட்டினவர் மேல தப்பு இருக்கணும். அவர் தப்புக்குத்தான் கம்பெனி பதில் சொல்லுது. தப்பு யார் மேலயும் இல்ல, நாய் மேலதான்னா, யாரும் ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. போய் அந்த நாய்கிட்ட கேளுன்னுடுவாங்க."

"ஓட்டினது என் தம்பிங்க."

"தெரியும். அதான் சொல்றேன். வண்டியும் அவருது, ஓட்டினதும் அவரு. உங்க வீட்டுக்காரர் கேஸ் போட்டா, முதல் எதிர்மனுதாரர் உங்க தம்பி. ரெண்டாவதுதான் கம்பெனி."

அக்கா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார்.

"மாப்ள மேல கேஸா? உனக்கு என்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"பேப்பர்ல மட்டும்தாங்க. குடுக்கப்போறது கம்பெனி."

"பேப்பர்ல எழுதினா எழுதினதுதான். வேணாம்னா வேணாம். இந்தப் பேச்சையே எடுக்காத."

அவருக்கு இப்படிக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. தன் தம்பி மேல் தன்னைவிட இவருக்குப் பாசமா என்று ஒரு பக்கம் நெகிழ்ச்சி. இந்த மனுஷன் பிடிவாதத்தில் குடும்பம் என்ன ஆவது என்று இன்னொரு பக்கம் எரிச்சல். மூன்று மாதம் அப்படியே போயிற்று. அக்கா காலையில் கண்ணாடிக் கடை, மாலையில் ஒரு மருந்துக் கடையில் பெட்டி அடுக்கும் வேலை என்று ஓடினாள். மேஸ்திரி ஜன்னலோரம் நீட்டிய காலோடு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்தவள், கதவைத் திறந்ததும் பதறிவிட்டாள். அவர் சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னத்தில் சிமெண்டுப் பால் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் கரண்டி, மட்டப்பலகை, ஒரு வாளி. அடுப்புக்குக் கீழே வெகுநாளாக விரிசல் விட்டுக் கிடந்த ஒரு டைலைப் பெயர்த்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறார். ஒரே ஒரு டைல். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாராம். குனிய முடியாமல், உட்கார முடியாமல், படுத்துக்கொண்டே ஒரு கையால் போட்டு முடித்திருக்கிறார். முடித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணி நேரமாக அப்படியே கிடந்திருக்கிறார்.

அவள் கையைக் கொடுத்துத் தூக்கப் போனாள். அவர் எழவில்லை. போட்ட டைலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"கோணலா இருக்குடி." குரல் உடைந்தது. தரையைப் பார்த்தபடியே கேட்டார். "எங்க கையெழுத்து போடணும், கொண்டா."

அக்கா செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. தம்பியிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளினாள். அந்த ஞாயிறு போனாள். தம்பியின் குழந்தைக்குக் காய்ச்சல், சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். கோர்ட் நோட்டீஸ் எப்படியும் மாதக்கணக்கில் ஆகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் இருவர் நின்றிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே பின்னறைக்கு வந்து, காகிதத்தை ஈரமான மேசை மேல் வைத்தாள்.

"அண்ணி, இது நீங்க எழுதினதா?"

அக்கா கல்லை நிறுத்தினாள். தம்பி மனைவி ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "'வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், பிறர் உயிரைத் துச்சமாக மதித்தும் ஓட்டி...' துச்சமா மதிச்சாரா அண்ணி? நாலு மாசம் அண்ணனோட பீ மூத்திரம் எடுத்தவரு, துச்சமா மதிச்சாரா?"

"அது வக்கீல் எழுதுறதும்மா. எல்லா மனுவுலயும் வர்ற வரியாம்."

"கீழ அண்ணன் கையெழுத்து இருக்கு. பக்கத்துல சாட்சின்னு உங்க கையெழுத்து இருக்கு." குழந்தை ஃப்ரேம் ஒன்றை எடுத்து வாயில் வைத்தது. அவள் பிடுங்கி மேசையில் வைத்தாள். "நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே அவரக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பேன். தபால்காரர் வந்து சொல்ல வச்சீங்களே."

அக்கா முகத்தில் அடித்தாற்போல நின்றாள். தம்பி மனைவி போன பிறகு வெகுநேரம் கல்லைச் சுற்றவிடவில்லை. அன்று கெட்ட லென்ஸ் இரண்டு. பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. முதலாளி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

தம்பி வருவது நின்றுபோயிற்று. மாமாவைக் குளிப்பாட்ட வாரம் இரண்டு முறை வருவான், அதுவும் நின்றது. போனை எடுப்பதில்லை. நொறுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அவன் அப்போது ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பத்து நாள் பொறுத்துவிட்டு அக்கா அங்கேயே போனாள். டீ இடைவேளை. அவன் ஒரு மரப்பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"என்னக்கா, துச்சமா மதிக்கிறவனத் தேடி இவ்வளவு தூரம்?"

"சொல்லாம போட்டது தப்புடா. அது என் தப்பு. அதுக்குத்தான் வந்தேன்."

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கோர்ட்ல வந்து நான் என்ன சொல்லணும்? நாய் வரல, நான்தான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினேன்னா? போலீஸ்ல எழுதிக்குடுத்தது பொய்யின்னு ஆகும். லைசென்ஸ் போகும். வேற கேஸ் போடுவாங்க. கைக்குழந்தய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"நீ இதச் சொல்லு, அதச் சொல்லுன்னு நான் சொல்ல வரல."

"பின்ன?"

அக்கா பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தாள். பிறகு, அத்தனை மாதமாகத் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"நாய் என்ன கலர்டா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்தது. டம்ளரைக் கழுவாமலே பெட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அக்கா அந்த டம்ளரைக் கழுவி, டீக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலில் மேஸ்திரி சாட்சி சொன்னார். கம்பெனி வக்கீல் இளவயசு, நல்ல மரியாதை. நாற்காலி போடச் சொல்லி அவரை உட்கார வைத்துத்தான் கேள்வி கேட்டார்.

"குறுக்கே நாய் வந்ததை நீங்க பாத்தீங்களா?"

"நான் ரோட்டப் பாக்கலைங்க."

"வேற எதப் பாத்துட்டு இருந்தீங்க?"

மேஸ்திரி கையைப் பிசைந்தார். அக்கா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஞாபகம் இல்லைங்க."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் பொரிந்து தள்ளினாள். "அன்னைக்கு ஏத்தின நாப்பது பெட்டியில எத்தன உடஞ்சதுன்னு இன்னைக்கும் சொல்றீங்க. எதப் பாத்தீங்கன்னு மட்டும் ஞாபகம் இல்லையா?" அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் தம்பியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏற்றியது கம்பெனி வக்கீல்தான். நாய்க் கதையைச் சொல்லப் போகும் ஆள் என்று அவருக்கு முழு நம்பிக்கை. தம்பி மனைவி குழந்தையோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கம் திரும்பவில்லை. தம்பி மெலிந்திருந்தான். உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கும்போது அவன் குரல் அக்காவுக்குக் கேட்கவே இல்லை.

"சம்பவத்தன்று குறுக்கே ஒரு நாய் வந்தது. அதக் காப்பாத்த வண்டியத் திருப்பினீங்க. சரிதானே?"

"இல்லைங்க."

வக்கீல் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "நாய் வந்தது, இல்லையா?"

"நாயே இல்லைங்க. அது நான் சொன்ன பொய்."

தம்பி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தான்.

"அதுக்கு முந்தின நாள்தான் என் குழந்த முதல்முதலா நடந்துச்சு. வீட்டுல வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாங்க. நாலு அடி வைக்கும். நாலாவது அடியில பொத்துனு உக்காரும். உக்காந்துட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி திரும்பிப் பாக்கும். அத மாமாவுக்குக் காட்டினேன். ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம். பாலம் வந்தது தெரியல. வேகமா எல்லாம் போகலைங்க. ரோட்டப் பாக்கல. அவ்வளவுதான்."

கடைசிப் பெஞ்சில் தம்பி மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தான் அனுப்பிய வீடியோவைத்தான் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனி வக்கீல் தடுமாறினாலும் கெட்டிக்காரர். சட்டென்று வேறு வழி பிடித்தார். "காட்டச் சொல்லிக் கேட்டது யாரு? உங்க மாமாதானே? ஓட்டறவர் கவனத்தத் திருப்பினது அவர்தானே?"

"இல்லைங்க. அவர் கேக்கல. நானாத்தான் காட்டினேன்."

இங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. மேஸ்திரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மடங்காத கால் முன்பெஞ்சில் இடித்து ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டு ஓடியது.

"ஐயா, அவன் பொய் சொல்றான்!"

"உக்காருங்க," என்றார் நீதிபதி.

"உக்கார முடியாதுங்க ஐயா. அதுக்குத்தான் கேஸே. நான்தான் கேட்டேன். ஒருவாட்டி காட்டினான். போனக் கீழ வச்சுட்டான். 'எங்க மாப்ள, இன்னொருவாட்டி காட்டு, அந்த உக்கார்ற இடத்தக் காட்டு'ன்னு நான்தான் கேட்டேன். அப்பத்தான் மறுபடி எடுத்தான்."

"மாமா, சும்மா இருங்க!" என்றான் தம்பி கூண்டிலிருந்து.

"நீ சும்மா இருடா! எனக்காக எதுக்குடா இன்னொரு பொய் சொல்ற?"

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "தப்பு என்னுது இல்லைன்னு சொல்றவங்கள இத்தன வருஷமாப் பாத்துட்டேன். எனக்குத்தான் வேணும்னு ரெண்டு பேர் சண்ட போடறத இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, மேஸ்திரியை முறைப்படி மறுபடி கூண்டில் ஏற்றி, அத்தனையையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் தம்பி ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் வராந்தாவில் நின்று அழுதார்கள். பார்த்தவர்களுக்கு மனம் இளகியிருக்கும். அக்காவுக்கு இளகவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள். "ஒன்றரை வருஷம். அத்தன நாளும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மடச்சியாக்கியிருக்கீங்க. இவன் நாய்க்குக் கலர் அடிக்கிறான், நீங்க கண்ண மூடிக்கிறீங்க. நடுவுல நான் ஒருத்தி, தம்பி வாழ்க்கையக் கெடுத்துட்டேனே, புருஷன் மனசப் புண்ணாக்கிட்டேனேன்னு தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தனுக்காவது என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"உன் தம்பியாச்சேன்னுதான்..." என்று இழுத்தார் மேஸ்திரி.

"உன் புருஷனாச்சேன்னுதான்க்கா..." என்றான் தம்பி.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கி நடந்தாள். மூன்று பஸ் நிறுத்தம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது நிறுத்தத்தில் கால் வலித்தது. உட்கார்ந்தாள். குழந்தை நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. அவளும் அந்த வீடியோவைப் பார்த்தவள்தான், இருபது தடவை இருக்கும். யாராய் இருந்தாலும் இன்னொருவாட்டி காட்டு என்றுதான் கேட்டிருப்பார்கள். அதை நினைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவருக்குத்தான் ரோட்டைப் பார்க்கும் பொறுப்பு, யார் கேட்டாலும் மறுக்க வேண்டியது அவர்தான் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் ஓடுகிற வண்டியில் கேட்டு வாங்கிப் பார்த்தவருக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று பத்தில் ஒரு பாகத்தைக் கழித்திருந்தார். மீதியைக் கம்பெனி கொடுக்க வேண்டும். வக்கீலம்மாவுக்கு அந்தப் பத்தில் ஒன்று ஆறவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் அஞ்சு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்தா முழுசா வந்திருக்கும்மா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். மேஸ்திரிக்கோ அந்தக் கழிவில்தான் நிம்மதி. "என் பங்க நான் கட்டிட்டேன்" என்பார்.

தம்பியின் மேல் போலீஸ் தனியாக வழக்குப் போட்டது. அவன் மறுக்கவில்லை. அபராதம் விதித்தார்கள், லைசென்ஸை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவன் கிடங்கில் மூட்டைதான் தூக்கினான். இப்போது அதே கிடங்கின் வண்டியை ஓட்டுகிறான். போனை அணைத்துப் பின்னால் சரக்கோடு போட்டுப் பூட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும் என்கிறான்.

தம்பி மனைவி மட்டும் இன்னும் முழுதாக ஆறவில்லை. குழந்தையை அத்தை வீட்டுக்கு அனுப்புகிறாள். தான் வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. சாப்பிடச் சொன்னால், சாப்பிட்டுத்தான் வந்தேன் என்கிறாள். அக்கா வற்புறுத்துவதில்லை. தபால்காரர் கொண்டுவந்ததை ஒரு நாளில் திருப்பி அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிகிறது.

மேஸ்திரி தளம் போடுவதை விட்டார். சுவருக்கு மாறினார். குளியலறைச் சுவர், சமையலறைச் சுவர். இடுப்புக்கு மேலே அவர் நின்றபடி ஒட்டுவார்; இடுப்புக்குக் கீழே ஒட்ட வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேர் வேலையும் சந்திக்கிற வரிசையில் தினமும் ஒரு சண்டை. கீழே ஒட்டுகிறவர் நூல் பிடிக்கத் தெரியாதவர் என்பது இவர் கட்சி. மேலே நிற்கிறவருக்கு வாய் நீளம் என்பது அவர் கட்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்றைய சண்டையை ஒரு வரி விடாமல் அக்காவிடம் ஒப்பிப்பார். அவள் மாலை வேலையை விட்டுவிட்டதால் கேட்க நேரமிருக்கிறது.

விபத்து, வழக்கு என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் கண்ணாடி வாங்கும் சாக்கில் பின்னறையை எட்டிப் பார்க்கிறார்கள். எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும், வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்லித் தருகிறாள். போன மாதம் ஒரு பெண் வந்திருந்தாள். அவள் மகனைப் பின்சீட்டில் வைத்துப் பைக் ஓட்டி மோதியவன் மகனின் உயிர் சிநேகிதன். ஒரே தெரு. மனு எழுதியாகிவிட்டது, நாளைக்குத் தாக்கல்.

"அந்தப் பையன் வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"எப்படிக்கா சொல்றது? போனா அவங்க அம்மா கத்துவாங்க."

"கத்துவாங்க. கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னு கேளு. அந்த மனுவையும் எடுத்துட்டுப் போ. அதுல அவங்க பிள்ளையப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு உன் வாயாலயே படிச்சுக் காட்டு. எது உண்மை, எது வக்கீல் வழக்கமா எழுதுற வரின்னும் சொல்லு."

அந்தப் பெண் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "நீங்களும் கூட வர்றீங்களாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா கல்லை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, முன்பக்கம் பார்த்து முதலாளியிடம் ஒரு மணி நேரம் வெளியே போய்வருவதாகச் சொன்னாள்.